புருனே எப்போது சுதந்திரம் பெற்றது? ஒப்பந்தங்களை எடுத்து இப்படிப் படியுங்கள்

புருனே எப்போது சுதந்திரம் பெற்றது என்று தேடினால் 1984 ஜனவரி 1 என்று வரும். தேதி சரிதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் அங்கே நடந்தது எதுவுமே புரியாது. புருனே ஒரு புரொடெக்டரேட். சுல்தானும் அரண்மனையும் அப்படியே இருக்க, அதிகாரத்தில் சில பங்குகள் மட்டும் ஒப்பந்தம் போட்டு பிரிட்டன் கைக்குப் போயிருந்தன. அதனால் இந்த மாதிரி நாடுகளைப் படிக்கும்போது எந்த அதிகாரம் எப்போது போனது, எப்போது, யாரிடம் திரும்பி வந்தது என்று கேளுங்கள்.

முதலில் ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தேடி எடுத்து, அதில் 'ஆலோசனை' என்ற சொல் வரும் இடத்தைப் பாருங்கள். மலாய் தீபகற்பத்தில் 1874-ல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தப்படி, பேராக் என்ற மலாய் அரசின் சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட்டை (அங்கேயே தங்கியிருக்கும் பிரிட்டிஷ் அதிகாரி) ஏற்க வேண்டும், மலாய் மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். அதற்கு உத்தரவு என்றுதான் பெயர்.

அடுத்து வரி யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பேராக்கின் முதல் ரெசிடென்ட் பிர்ச், உள்ளூர்த் தலைவர்கள் காலங்காலமாக வாங்கிவந்த வரியைத் தன் நிர்வாகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். கடன் அடிமைகள் விஷயத்திலும் அவர்களோடு மோதினார். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில், அவருடைய ஆட்கள் புதிய ஆணையை ஒட்டப் போயிருந்த நேரத்தில், ஆற்றோரக் குளியலறைக்குள் இருந்தவரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள்.

பட்டத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இன்னொரு மலாய் அரசான ஜொகூரின் சுல்தான் அபு பக்கர் 'ஆல்பர்ட் பேக்கர்' என்ற பெயரில் இங்கிலாந்தில் பழகியவர், திருமணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். இவர் இறையாண்மை உள்ள அரசர், அதாவது இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்க முடியாதவர் என்று ஆகும்படி பிரிட்டிஷ் காலனி அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தது. அவ்வளவுதான், வழக்கு தள்ளுபடி. அதே ஜொகூரின் வெளியுறவு 1885 ஒப்பந்தப்படி பிரிட்டன் கையில் இருந்தது!

இப்போது புருனேக்கு வருவோம், ஒரு தாளில் வருடங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 1888-ல் வெளியுறவு போனது. 1906-ல் ரெசிடென்ட் வந்தார், மதம் தவிர உள்நாட்டு நிர்வாகமும் போனது. 1959-ல் அரசியல் சட்டம் வந்தபோது ரெசிடென்ட் பதவி ஒழிந்து, நிர்வாகம் மந்திரி பெசாரிடம் (தலைமை அமைச்சர்) வந்தது. 1971-ல் உள்நாட்டு விவகாரம் முழுக்கத் திரும்பியது, வெளியுறவு மட்டும் லண்டனிலேயே இருந்தது. அது 1984-ல்தான் வந்து சேர்ந்தது. முதலில் போனது கடைசியில் திரும்பியிருக்கிறது, பாருங்கள். புருனேயின் செரியா நகரில் பிரிட்டிஷ் கூர்க்கா படைப்பிரிவு ஒன்று அதற்குப் பிறகும் இருக்கிறது, ஆனால் அது சுல்தான் கேட்டு, அவர் செலவில் இருப்பது.

யாரிடம் திரும்பியது என்ற கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 1962 தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டது புருனே மக்கள் கட்சிக்கு. அந்த டிசம்பரில் கிளர்ச்சி வெடித்தது, பிரிட்டிஷ் படைகள் வந்து அடக்கின, அவசரநிலை வந்தது. அதனால் 1971-லும் 1984-லும் திரும்பிய அதிகாரம் அரண்மனைக்குப் போனதே தவிர, ஓட்டுப் போட்டவர்களுக்கு வரவில்லை.

அப்புறம் பூட்டானை எடுத்து இதேபோல் செய்து பாருங்கள். வெளியுறவில் பிரிட்டனின் ஆலோசனைப்படி நடப்பதாக 1910-ல் பூட்டான் ஒப்புக்கொண்டது. 1949-ல் அந்த இடத்துக்கு இந்தியா வந்தது. அந்த வாசகம் 2007-ல்தான் நீங்கியது, ஆனால் பூட்டான் 1971-லேயே ஐநாவில் சேர்ந்துவிட்டது.