குவாட், டேர்ட் பைக் ஏற்றிப் போக மூடிய ரெயிலர்: பட்டறைக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் குவாட்டோ (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டி) டேர்ட் பைக்கோ (மண் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு ஓடுவதை விட ஏற்றிப் போவதுதான் பெரிய வேலை. மின்னேரியாவுக்கோ தியத்தலாவைக்கோ போவதென்றால் ஏ9 வீதியில் ஏறி மணிக்கணக்காக இருக்கவேண்டும். லொறி பிடித்து, கயிறு போட்டு, படங்கால் மூடிக்கொண்டு போன காலத்தில் ஆனையிறவு தாண்டுவதற்குள் செயினில் புழுதி ஏறிவிடும். வழியில் சாப்பிட நிறுத்தினால் ஒருவர் சாப்பிடாமல் காவல் இருக்கவேண்டும். அதனால்தான் மூடிய பெட்டி ரெயிலர் ஒன்றைச் சொல்லிச் செய்விக்கப் பலரும் விரும்புகிறார்கள். எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே நிற்கப்போகும் வண்டிகளின் பாரம் எங்கே விழுகிறது என்று தெரியாமல் கதவையோ தகட்டையோ தெரிவு செய்யாதீர்கள். என்னுடைய முதல் ரெயிலரில் சக்கரங்களை இணைக்கும் அக்சிலைப் பெட்டியின் சரி நடுவில் வைத்துத் தந்தார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தது. பரந்தன் தாண்டி வேகம் பிடித்ததும் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு அந்த ஆட்டம் பிக்கப்பையே இழுத்தது. பிறேக்கை மிதிக்காமல் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்திருந்ததால் அன்று தப்பினோம். உங்களுக்கு அப்படி ஆடினாலும் செய்யவேண்டியது அதுதான்.

முதற்படி: முற்றத்தில் கீறுங்கள்

கடதாசியில் வேண்டாம். சோக்கும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு முற்றத்துச் சீமெந்தில் உண்மையான அளவில் பெட்டியைக் கீறுங்கள். வண்டிகளைக் கொண்டுவந்து அந்தக் கோட்டுக்குள் நிறுத்துங்கள். நானும் மச்சானும் ஒரு குவாட்டையும் இரண்டு டேர்ட் பைக்கையும் இப்படி நிறுத்திப் பார்த்தோம். குவாட்டுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம் தேவைப்பட்டது. பைக் ஒன்று 2.15 மீற்றர். ஹாண்டில் 80 சென்ரிமீற்றருக்கு மேல் அகலம் என்பதால் இரண்டு பைக்கும் ஒன்றுக்கொன்று அரை அடி முன்பின்னாகத்தான் நின்றன. 4 மீற்றர் பெட்டி போதும் என்று நினைத்திருந்த எங்களுக்கு 4.8 மீற்றர் வேண்டும் என்று அந்தச் சோக்குக் கோடுதான் சொன்னது.

கோட்டுக்குள் நின்றபடியே குனிந்து கட்டுப் பட்டியை இழுத்துப் பாருங்கள். சுவருக்கும் வண்டிக்கும் இடையே ஓர் ஆள் குந்தி இருக்க இடம் இல்லையென்றால் ஒவ்வொரு பயணத்திலும் அதை நினைத்து வருந்துவீர்கள்.

உங்கள் ஒழுங்கையையும் கேற்றையும் அளக்க மறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கைக்குள் நீளமான ரெயிலரைத் திருப்ப முடியாமல் சந்தியில் கழற்றிக் கையால் தள்ளவேண்டி வரலாம்.

இரண்டாம் படி: பாரக் கணக்கு

இதில் நேரம் எடுங்கள். குவாட் 300 கிலோ, பைக் இரண்டும் 220 கிலோ, கருவிப் பெட்டி, பெற்றோல் கான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 கிலோ, வெறும் ரெயிலர் 900 கிலோ என்று வைப்போம். மொத்தம் 1,520 கிலோ. முதலில் உங்கள் பிக்கப்பின் கைநூலில் எவ்வளவு இழுக்கலாம், ரெயிலரைப் பிக்கப்போடு பூட்டும் கொளுவியில் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற இரண்டு எண்ணையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள்.

கொளுவியில் கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தை நுனிப்பாரம் என்போம். அது மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். குறைந்தால் பின்பக்கம் ஆடும். கூடினால் பிக்கப்பின் முன்சக்கரம் இலேசாகி ஸ்ரியரிங் பிடிக்காது.

எங்கள் 4.8 மீற்றர் பெட்டியில் முன்சுவரில் இருந்து 2.9 மீற்றரில் அக்சில், கொளுவிக்கும் முன்சுவருக்கும் இடையே 1.2 மீற்றர். குவாட்டை முன்னுக்கும் பைக்குகளைப் பின்னுக்கும் நிறுத்தி, அந்த 100 கிலோ சாமானையும் முன்சுவரோடு வைத்தால் நுனிப்பாரம் ஏறத்தாழ 250 கிலோ, அதாவது 16 சதவீதத்துக்கு மேல். சாமானை அக்சிலுக்கு நேர் மேலே வைத்தால் 186 கிலோ, 12 சதவீதம், இதுதான் வேண்டியது. இப்போது குவாட்டைப் பின்னுக்கும் பைக்குகளை முன்னுக்கும் மாற்றி, சாமானைப் பின்கதவோடு போட்டுப் பாருங்கள்: 101 கிலோ, 7 சதவீதம்கூட இல்லை. அதே ரெயிலர், அதே சாமான். ஆகவே அலுமாரி எங்கே, பெற்றோல் கான் எங்கே என்பது வசதிக்காக எடுக்கும் முடிவு அல்ல. எனக்கு அலுமாரியை அக்சிலுக்கு மேல் பக்கச் சுவரில் வைப்பதுதான் விருப்பம்.

மூன்றாம் படி: ஓர் அக்சிலா, இரண்டா?

1,500 கிலோ அளவென்றால் பிறேக் உள்ள ஒரு நல்ல அக்சில் போதும் என்பது என் கருத்து. இரண்டு அக்சில் நேராக ஓடும், ஒரு ரயர் வெடித்தாலும் தாங்கும். ஆனால் ஒழுங்கைக்குள் கையால் திருப்பவே முடியாது, ரயர் செலவும் இரட்டிப்பு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஓடும் பெரிய பகி வகை 600 கிலோவுக்கு மேல் வரும். அது வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இரண்டு அக்சிலுக்குப் போங்கள்.

ஸ்பிறிங் விடயத்தில் இலைவில்லையே போடுங்கள். இரப்பர் முறுக்கு அக்சில் மென்மையாக ஓடும் என்பது உண்மை. ஆனால் வழியில் இலைவில்லு உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் மாற்றலாம். ரயரும் றிம்மும் பிக்கப்பின் அளவிலேயே இருந்தால் ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். ரயரின் பக்கத்தில் உள்ள பாரக் குறியீட்டைப் பாருங்கள்; 100 என்றால் ஒரு ரயர் 800 கிலோ தாங்கும்.

பிறேக் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். எங்கள் பாரம் அதைப் போல இரண்டு மடங்கு. இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ரெயிலர் கழன்றால் தானாகப் பிறேக் பிடிக்கும் கம்பியும், கொளுவிக்குக் கீழே குறுக்காகப் போடும் இரண்டு சங்கிலியும் அதோடு சேர்ந்தவை.

கொளுவி வந்து பூட்டும் பிக்கப்பின் உருண்டைக் குண்டில் 50 மில்லிமீற்றர் என்றும் 2 அங்குலம் என்றும் இரண்டு வகை உண்டு. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஆனால் 50 மில்லிமீற்றர் குண்டில் 2 அங்குலக் கொளுவி தளர்ந்து அடிக்கும். குண்டில் அடித்திருக்கும் எண்ணை வாசித்த பிறகே கொளுவியை வாங்குங்கள்.

நான்காம் படி: பெட்டி

இங்கே காற்றையும் உப்பையும் நினைக்கவேண்டும். 4.8 மீற்றர் நீளமும் 2.1 மீற்றர் உயரமும் உள்ள சுவர் 10 சதுர மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால் ஏறத்தாழ 170 கிலோ பாரம் பக்கவாட்டில் தள்ளுவது போல. சோளகம் அடிக்கும் மாதங்களில் சங்குப்பிட்டிப் பாலத்திலோ பண்ணை வீதியிலோ வெறும் ரெயிலரோடு போனவர்களுக்கு அது கையில் தெரிந்திருக்கும். ஆகவே தேவைக்கு மேல் உயர்த்த வேண்டாம். உள்ளே நிமிர்ந்து நிற்க 1.85 மீற்றர் போதும்.

சட்டத்துக்கு நாகம் பூசிய பொக்ஸ் பார். வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும். அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். ஒவ்வொரு ஒட்டையும் அன்றைக்கே கம்பித் தூரிகையால் தேய்த்து நாகப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள், அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுவருக்கு அலுமினியத் தகடு நல்லது, பாரம் குறைவு. ஆனால் இரும்போடு நேராகத் தொட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரிபடும். இடையில் இரப்பர் நாடா வேண்டும்.

தளத்துக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். அதன் வெட்டு விளிம்பு எல்லாவற்றுக்கும் பூச்சு அடித்திருக்கவேண்டும்.

பக்கக் கதவு இடப்பக்கம். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோவில் பார்க்கும் அமெரிக்க ரெயிலர்களில் அது வலப்பக்கம் இருக்கும். அங்கே வீதியோரம் வலப்பக்கம். அப்படியே பார்த்துச் செய்தால் நீங்கள் இறங்குவது பஸ் போகும் பக்கம்.

பின்கதவே கீழே விழுந்து றாம்ப்பாக வரும். தளம் நிலத்தில் இருந்து 60 சென்ரிமீற்றர், கதவு 1.9 மீற்றர் என்றால் சரிவு 18 பாகை. குவாட் ஏறும், பைக்கைத் தள்ளி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கீழ்நுனியில் ஓர் அடி மடக்குத் தகடு வைத்தால் முதல் ஏற்றம் இலகுவாகும். கதவு மட்டும் 70, 80 கிலோ வரும் என்பதால் தூக்க உதவும் ஸ்பிறிங் கட்டாயம். கடைச் சட்டர் செய்பவர்களிடம் இந்த வேலை நன்றாகத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். கதவின் மேல் அரத்தாள் போன்ற கரடுமுரடான பூச்சு வேண்டும்; மழை நாளில் வழுக்கும் செக்கர் தகடு போடாதீர்கள்.

ஐந்தாம் படி: கட்டும் வளையங்கள்

எனக்கு ரெயிலர் செய்த அண்ணை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, பலகையிலை ஆணி அடிச்சு வளையம் பூட்டினால் பலகையும் சேர்ந்து வரும். அடியிலை உள்ள சட்டத்தைப் பிடிக்கவேணும்.” குவாட்டுக்கு நான்கு மூலையிலும் நான்கு, பைக் ஒன்றுக்கு முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. வளையம் பூட்டும் இடத்தில் குறுக்குச் சட்டம் வரவேண்டும் என்பதால் தளம் அடிக்குமுன் இடங்களைக் குறித்துக் கொடுக்கவேண்டும். முற்றத்தில் கீறிய படம் இங்கேதான் மறுபடி கைகொடுக்கும். பைக்கின் முன்சக்கரத்துக்கு ஒரு பிடிகட்டையும் பூட்டுங்கள். பட்டியில் அறுபடும் பாரமும் வேலைப் பாரமும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். சிறிய எண்ணைத்தான் நம்பவேண்டும்.

ஆறாம் படி: காற்றோட்டமும் லைற்றும்

பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு தேங்கும். கூரையில் மட்டும் துவாரம் வைத்தால் அது வெளியேறாது. முன்பக்கம் தளத்தோடு ஒன்று, பின்பக்கம் மேலே ஒன்று என்று மூலைவிட்டமாக வையுங்கள். எங்கள் வெயிலில் மூடிய பெட்டி அடுப்பு மாதிரிச் சூடேறும் என்பதையும் மறக்காதீர்கள்.

லைற் எல்லாம் எல்.ஈ.டி., வயர் எல்லாம் குழாய்க்குள். எர்த்துக்குத் தனி வயர் இழுக்கவேண்டும். கொளுவி வழியாக எர்த் எடுத்தால் துரு வந்ததும் லைற் மினுங்கும்.

பதிவு, இலக்கத் தகடு, அனுமதிக்கும் அகலம் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிப்பது பட்டறைக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பு நடக்கவேண்டும்.

கடைசிப்படி: மீதிக்காசு கொடுக்குமுன்

வண்டிகளைப் பட்டறைக்கே கொண்டுபோய் ஏற்றிக் கட்டுங்கள். நுனிப்பாரத்தைக் குளியலறைத் தராசாலேயே நிறுக்கலாம். ஒரு தடித்த மரச்சட்டத்தின் ஒரு முனையைக் கல்லிலும் மறு முனையைத் தராசிலும் வையுங்கள். கல்லில் இருந்து ஒரு அடி, தராசில் இருந்து இரண்டு அடி வரும் இடத்தில் கொளுவியை மெதுவாக இறக்குங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ரெயிலர் மட்டமாக நிற்கவேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். எங்களுக்கு 61 காட்டியது, அதாவது 183 கிலோ; கணக்குப் போட்ட 186க்கு மிக அருகில்.

பிறகு பளை வரை ஓடிப் போய் நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. ஒன்று கை வைக்க முடியாமல் சுட்டால் பெயரிங்கை இறுக்கிவிட்டார்கள் அல்லது பிறேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஆறவிட்டு, மெதுவாக அன்றைக்கே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.