பழகின ஆறுதானே என்று தூண்டில் போடப் போகும் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர்கள் காவிரிக் கரை ஊர்களில் நிறையவே உண்டு. பவானி, குமாரபாளையம், முக்கொம்பு, திருவையாறு என்று எந்தப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாலும் தலையில் துண்டு, பக்கத்தில் ஒரு பை, கண் முழுக்கத் தூண்டிலில் மிதக்கும் தக்கை மேல் என்று யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நல்ல பொழுதுபோக்கு, அதைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் அவரிடம் போய் "பார்த்துங்கய்யா" என்று சொல்லிப் பாருங்கள், "இந்த ஆத்துலதான்பா நான் நீச்சலே கத்துக்கிட்டேன்" என்பார். மற்ற தவறுகள் எல்லாம் இந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் கிளம்புகின்றன. அவர் நீச்சல் கற்ற ஆறும் இப்போது இல்லை, அன்றைய உடம்பும் இல்லை.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கினால் அடுத்த அடியில் ஆள் ஆழம் இருக்கும். குழியின் ஓரத்தில் இருப்பது இளகிய மணல் என்பதால் ஏறப் பார்த்தால் காலோடு சேர்ந்து அதுவும் சரிந்துகொண்டே வரும், நீச்சல் தெரிந்தவரும் அங்கேதான் களைத்துப் போகிறார். வெள்ளம் வேறு ஒவ்வொரு முறையும் அடிமணலை அரித்து இடம் மாற்றிவிடுகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போனதும், அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்ததும் நினைவிருக்கும். கல்லையும் கட்டடத்தையும் புரட்டிப்போட்ட தண்ணீர், நீங்கள் பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்து வைத்த மணல் திட்டை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்குமா? தூண்டில் முள் எதிலாவது சிக்கிக்கொண்டால் அதை எடுக்க இறங்கவே வேண்டாம். தங்கூசியை (தூண்டில் நரம்பை) அறுத்து விடுங்கள், முள்ளும் ஈயமும் போனால் சில்லறைக் காசு.

அடுத்தது தண்ணீர் ஏறும் விஷயம். ஜூன் 12ஆம் தேதிதான் மேட்டூர் திறப்பார்கள், இப்போது என்ன பயம் என்று தேதியை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் கபினி அணையும் கிருஷ்ணராஜசாகர் அணையும் நிரம்பினால் அந்தத் தண்ணீர் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக வந்து சேரும், மேட்டூரும் நிரம்பி 120 அடியைத் தொட்டிருந்தால் வருகிறதை அப்படியே வெளியே விட்டாக வேண்டும். இங்கே வானம் பளிச்சென்று இருக்கும், ஆற்றில் மட்டும் தண்ணீர் ஏறும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் வேறு வரிசையாக இருக்கின்றன, அவற்றின் ஷட்டரைத் தூக்கினால் கீழே இருக்கும் பாறைகளுக்கு நாள் கணக்கில் அல்ல, நிமிஷக் கணக்கில் தண்ணீர் வந்துவிடும்.

நடு ஆற்றுப் பாறையிலோ திட்டிலோ போய் உட்காருவது இதனால்தான் ஆபத்து. நீங்கள் தக்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது முதுகுப் பக்கத்துச் சின்ன வாய்க்கால் முதலில் நிறையும். காலடியில் தண்ணீர் ஏறுவது தெரியும் நேரத்தில் கரைக்குத் திரும்பும் வழி போயிருக்கும். கரையிலேயே உட்காருங்கள், போனதும் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். குச்சியில் தண்ணீர் ஒரு விரல் அகலம் ஏறினாலோ, நிறம் கலங்கினாலோ, சருகும் நுரையும் திடீரென்று மிதந்து வந்தாலோ மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். (அந்த நேரத்தில்தான் மீன் நன்றாகக் கடிக்கும், அது வேறு கதை.)

இதோடு சேர்ந்தது காது மெஷின். நனைந்து கெட்டுவிடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். சைரன், தண்டோரா, பக்கத்தில் இருப்பவர் போடும் சத்தம் எதுவும் அப்புறம் கேட்காது. விலை அதிகம்தான், ஆனாலும் போட்டுக்கொண்டு வாருங்கள், அல்லது காது நன்றாகக் கேட்கும் ஒருவரோடு வாருங்கள்.

உடம்புக்கு வருவோம். படிக்கட்டில் இரண்டு மணி நேரம் குந்தி உட்கார்ந்திருப்பார், தக்கை சட்டென்று உள்ளே போகும், துள்ளி எழுந்திருப்பார். அப்போது ரத்தம் காலிலேயே தங்கி பிரஷர் இறங்கிவிடும், கண் இருட்டிக்கொண்டு வரும், எதிரே இருப்பதோ தண்ணீர். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்றுக்குப் போக இடம் இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும், நீர் பிரியும் மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுவதும் வீட்டுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம், டாக்டரிடம் கேட்டால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார். கைப்பிடி வைத்த மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி, தண்ணீர் விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளிப் போட்டு உட்காருங்கள். எழும்போது காலை நாலு தரம் ஆட்டிவிட்டு, பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். மயங்கி விழுந்தாலும் தரையில் விழுவீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் அதிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடலாம் என்று கிளம்புவது தனி ரகம். மீன் கடிக்க ஆரம்பித்தால் பத்து மணி ஆனாலும் டிபன் ஞாபகம் வராது. சர்க்கரை இறங்கிப்போய் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், பக்கத்தில் இருப்பவர் தண்ணி போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். கடலைமிட்டாய் இருக்கிறதே என்பார்கள், அதில் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு ஆகாது. அப்புறம், கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. கண்ணாடிச் சில்லு கிழித்ததே வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும், அந்தப் புண்ணில் ஆற்று அழுக்கும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல் வரைக்கும் போகலாம்.

படித்துறையில் வழுக்கி விழுகிறவர்களைக் கேட்டால் பாசி என்பார்கள். பாசிதான், ஆனால் பாதிக் காரணம் மூக்குக் கண்ணாடி. இரட்டைப் பவர் கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, படி இறங்கும்போது கண்ணைத் தாழ்த்தினால் அந்தப் பாதி வழியாகத்தான் பார்ப்பீர்கள், படி கலங்கலாகவும் கொஞ்சம் இடம் மாறியும் தெரியும். கண்ணைத் தாழ்த்தாமல் தலையையே குனிந்து மேல்பாதி வழியாகப் பாருங்கள், முடிந்தால் வெளியே போட தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளலாம். வேட்டியையும் சொல்லிவிடுகிறேன். மடித்துக் கட்டினாலும் தண்ணீரில் விழுந்ததும் அவிழ்ந்து இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றும், காலை அடிக்கவே விடாது. முழங்கால் வரைக்கும் ஒரு டவுசர் போதும்.

கெளுத்தியைக் கழற்றும்போது அவசரம் கூடாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று அதற்கு மூன்று முள், தேளி மீன் என்றால் வலி இன்னும் கடுமை. துண்டால் பிடித்து, இடுக்கியால் தூண்டில் முள்ளை எடுங்கள். மீன் முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்தால் வலி நன்றாகக் குறையும், பிளாஸ்கில் கொண்டு போகலாம், டீக்கடையிலும் கேட்டு வாங்கலாம். சூடு சரியா என்று குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும், சர்க்கரையால் கை மரத்தவர் என்றால் கூட இருப்பவர் பார்க்கட்டும், இல்லாவிட்டால் வெந்துபோவது தெரியாது. தூண்டில் முள் விரலில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், எதிர்முள் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். தங்கூசியை அறுத்துவிட்டு முள்ளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி ஊசியும் கேளுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். கைத்தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்காரும் பழக்கமும் வேண்டாம், பெரிய வாளை மீன் ஒன்று இழுத்தால் எலும்பு வரை அறுக்கும்.

மேலே மின்கம்பி போகிற இடத்தில் தூண்டில் கம்பை வீசக் கூடாது. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த கார்பன் கம்பு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும், நனைந்த மூங்கிலும் லேசுப்பட்டதல்ல. இடி கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டு கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத் திரும்பி வரலாம். மண்புழுவுக்காகச் சருகுக்குள் வெறுங்கையை விடாதீர்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைதான். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன, அங்கே தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து மீன் கழுவுகிறவரை என்ன சொல்ல.

கூட வந்தவர் தண்ணீரில் விழுந்தால் பின்னாலேயே குதிப்பதுதான் எல்லோருக்கும் வருகிற முதல் வேகம். முழுகுகிறவர் உங்களையும் பிடித்து அமுக்கிவிடுவார். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றில் நீளமான கயிறு கட்டி நாற்காலிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதை வீசினால் பிடித்துக்கொள்வார், கரையில் படுத்துக்கொண்டு இழுக்கலாம். போனைப் பாலிதீன் கவரில் போட்டு சட்டைப் பையில் வையுங்கள், மீன் பைக்குள் வேண்டாம். 108க்கோ 112க்கோ கூப்பிட்டு "ஆத்தங்கரையில இருக்கேன்" என்றால் ஆம்புலன்ஸ் எந்தக் கரைக்கு வரும்? படித்துறையின் பெயர், பக்கத்துப் பாலம், வடகரையா தென்கரையா, வண்டி எதுவரைக்கும் வரும் என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை அந்த பாலிதீன் கவரிலும் போட்டு வையுங்கள்.