ஊருக்குப் போகும்போது இன்வர்ட்டர் பேட்டரிக்கு நாம் செய்யும் தவறு

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் ஏசிக்கு ஓய்வு, ஃபேனும் ஒன்றாம் நம்பரில்தான். இன்வர்ட்டர் பேட்டரியின் நினைப்பே வராது. ஆனால் அதைக் கெடுக்கும் பெரிய தவறு இந்த நாட்களில்தான் நடக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பத்திரத்துக்காக மெயினை ஆஃப் செய்கிறோம். இன்வர்ட்டரைப் பொறுத்தவரை அது கரண்ட் கட். அதன் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் பேட்டரியிலிருந்து எடுக்கத் தொடங்கிவிடும். ஒரு வைஃபை ரவுட்டரும் நைட் லேம்ப்பும் போதும், இரண்டு மூன்று நாளில் பேட்டரி காலி. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து இரவு முழுக்க சார்ஜ் போட்டோம். மூன்று மணி நேரம் தாங்கிய பேட்டரி அதன்பிறகு முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

காரணம் இதுதான். சார்ஜ் இறங்க இறங்க ஈயத் தகடுகளில் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும், நாள்கணக்கில் விட்டால் இறுகிவிடும். பனி கொட்டும் நாடுகளில் கேரவன் மாதிரி வீட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் ஆசிட் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. காலியானதில் ஆசிட் நீர்த்துப்போயிருக்கும், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் காலியாக விட்டுவைக்கக் கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொது. கிளம்பும் முன் முழு சார்ஜ் ஏற்றி, இன்வர்ட்டர் ஸ்விட்சை அணைத்து, அதற்குப் பிறகு மெயினை இறக்குங்கள்.

டிசம்பர் நமக்குப் புயல் மாதமும்கூட. 2016 வர்தாவிலும் 2023 மிக்ஜாமிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் இன்வர்ட்டர் தானாக அணையும்வரை ஃபேன், டிவி என்று ஓட்டாதீர்கள். ஒரு லைட்டும் போன் சார்ஜும் போதும். தரைத்தள வீடென்றால் மழைக்கு முன்பே பேட்டரியை உயரத்தில் ஏற்றி வையுங்கள். தண்ணீர் சூழ்ந்தபின் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறைய. குடிக்க நல்லதுதான், ஆனால் அதில் உப்பு மிச்சம் இருக்கிறது. மிதவைக் குச்சி சிவப்புக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோடு வரை மட்டும். அதற்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும்.

இன்னொன்று. இடம் இல்லையென்று பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரியை வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மேலே எழும்பும், அங்கே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.