நியாயத்தீர்ப்பைப் பிரசங்கிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசங்க பீடத்தில் புதிதாக ஏறும் வாலிபர்கள் நியாயத்தீர்ப்பைப் பேசினால் சறுக்குவது அதே சில இடங்களில்தான். வசன எண்ணை மாற்றிச் சொல்வதையெல்லாம் விடுவோம். அதைச் சபையே திருத்திவிடும்.

பேரழிவைத் தண்டனை என்று அறிவிப்பது

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் சுனாமியில் மாண்டார்கள். 'அவர்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை' என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் தரப்படவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் உங்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் சபையை விட்டே போய்விடுவார்.

எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது இயேசு என்ன சொன்னார் என்று லூக்கா 13-ல் பாருங்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? இல்லை என்கிறார். உடனே, "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்கிறார். நியாயத்தீர்ப்பை அவர் தள்ளிவிடவில்லை. செத்தவர்கள்மேல் இருந்த கண்ணை, கேட்டுக்கொண்டிருப்பவர்கள்மேல் திருப்பினார்.

ஐந்தாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டால் வெறும் மிரட்டல்தான் மிஞ்சும். ஒன்பது வரை வாசியுங்கள். மூன்று வருஷமாகக் கனி தேடி ஏமாந்த எஜமான் அத்திமரத்தை வெட்டச் சொல்கிறான். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொல்கிறான். தவணை உண்டு, அது முடிவதும் உண்டு, அதற்குள் செய்ய வேலையும் உண்டு. மூன்றும் ஒரே செய்தியில் வரவேண்டும். வேலை எது என்பதற்கு, மனந்திரும்பிய ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சகேயுவைக் காட்டுங்கள்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்காகத் திருப்பித் தருவது.

ஊரார் பாவத்தை மட்டும் எண்ணுவது

ஆமோஸ் தீர்க்கதரிசி தமஸ்குவில் தொடங்கி காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என்று ஏழு இடங்களுக்கும் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, தன் பேச்சைக் கேட்கிற இஸ்ரவேலுக்கு வருகிறார். அங்கேதான் அடி பலமாக விழுகிறது: எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள். உங்கள் பிரசங்கம் ஏழாவதிலேயே நின்றுவிட்டால் அது ஆமோஸின் செய்தி அல்ல. சபையாரின் வட்டிக் கணக்கையும் வரதட்சணையையும் கேளுங்கள்.

தேதி குறிப்பது

மாற்கு 13:32: அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவரும் அறியார். வேறு பேச்சே வேண்டாம்.

அன்பைச் சொல்லித் தீர்ப்பைக் கரைப்பது

வசதியாக வாழ்கிறவருக்குத்தான் தீர்ப்பு கசக்கும். யாக்கோபு 5:4-ல் பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. அந்தக் கூலிக்காரருக்கு, கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்பதே நற்செய்தி. 96-ஆம் சங்கீதத்தில் காட்டு மரங்கள் கெம்பீரிப்பதும் அதற்காகத்தான்.