வெள்ளத்தில் தப்பிய டிஸ்க்குகளை வேறு சர்வரில் மாட்டும் முன்: ரெய்டு தானாகச் சேராமல் தடுப்பது எப்படி?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரையும் விடவில்லை. இங்கே தரைத்தளத்தில் சர்வர் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்கள் உண்டு. மதர்போர்டு போய்விட்டால், நனையாத டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் சர்வரில் மாட்டி ஆன் செய்யத்தான் தோன்றும். (உள்ளே தண்ணீர் போன டிஸ்க்குக்குக் கரண்டே கொடுக்காதீர்கள். அது டேட்டா ரெக்கவரிக்காரர்கள் வேலை.)

ஆபத்து அங்கேதான். பூட் ஆகும்போது யூடெவ் (சாதனங்களைக் கண்டறியும் லினக்ஸ் சேவை) ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்புத் தகவலையும் படித்து, ரெய்டை நிர்வகிக்கும் கருவியான எம்டிஏடிஎம்-மிடம் கொடுக்கும். ஜோடி சேர்ந்ததும் எம்டி127 என்ற பெயரில் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) எழுந்துவிடும். பழைய சர்வர் கரண்ட் போய் நின்றது என்பதால் ரீசிங்க் (டிஸ்க்குகளை மறுபடி ஒன்றுபோலாக்கும் வேலை) பாக்கி இருக்கலாம். சில சிஸ்டங்களில் உடனேயும், சிலவற்றில் முதல் மவுண்டிலும் (கோப்புகளைத் திறக்க டிஸ்க்கை இணைக்கும்போது) அது தொடங்கி, ஒரு டிஸ்க்கின் மேல் இன்னொன்றை எழுதிவிடும். நகல் எடுக்கும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதப்படக் கூடாது.

டிஸ்க்குகளைச் செருகும் முன்பே எல்லாவற்றையும் செய்து முடியுங்கள். கீழே சொல்வது டெபியன், உபுண்டுவுக்கு.

முதலில் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைக் கேட் கட்டளையால் பாருங்கள். அதில் எம்டி0 மாதிரி ஏதாவது ஓடினால், அது உங்கள் சர்வரின் சொந்த ரெய்டு. அதற்கான அர்ரே வரி (ரெய்டின் பெயரைச் சொல்லும் வரி) ஈடிசி அடைவின் எம்டிஏடிஎம் ஃபோல்டரில் உள்ள எம்டிஏடிஎம் டாட் கான்ஃப் கோப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் எம்டிஏடிஎம்-மை டீடெய்ல், ஸ்கேன் ஆப்ஷன்களோடு ஓட்டி, கிடைக்கும் வரியை அங்கே சேருங்கள். இதைத் தவறவிட்டால், ரூட் (சிஸ்டம் கோப்புகள் உள்ள பகுதி) ரெய்டில் இருக்கும் சர்வர் அடுத்த முறை எழுந்திருக்காது. அவசரத்திலும் இந்த ஒரு படியை மட்டும் தாண்டாதீர்கள்.

அப்புறம் அதே கோப்பில் ஆட்டோ என்று தொடங்கும் வரி ஏற்கெனவே இருந்தால், முன்னால் ஹேஷ் குறி போட்டு முடக்குங்கள். புதிய வரியில் ஆட்டோ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஒட்டிச் சிறிய எழுத்தில் ஆல் என்று எழுதுங்கள். அர்ரே வரியில் பெயர் சொன்னவை மட்டும் சேரும், மற்றதெல்லாம் தனியாகக் கிடக்கும் என்பது இதன் பொருள்.

இத்தோடு நிறுத்தினால் பலன் இல்லை. பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) இருக்கும் பழைய நகல். அதனால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை யூ ஆப்ஷனோடும், எல்லா கெர்னல்களுக்கும் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்த்து கே ஆல் ஆப்ஷனோடும் ஓட்டுங்கள். சொந்த ரெய்டு இல்லாத சர்வரில் அர்ரே எதுவும் வரையறுக்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரலாம். வரட்டும், பாதகமில்லை.

கெர்னலின் பூட் வரியில் ரெய்டு=நோஆட்டோடிடெக்ட் சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கெர்னலே நேரடியாகச் சேர்க்கும் பழைய 0.90 வகைத் தலைப்புத் தகவலுக்கு மட்டும்தான். யூடெவ் வழியாக வருவதை அது தடுக்காது.

டிஸ்க் இல்லாமலே ஒருமுறை ரீபூட் செய்து, சர்வர் ஒழுங்காக எழுகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அணைத்து, டிஸ்க்குகளை மாட்டி ஆன் செய்து, மறுபடி எம்டிஸ்டாட்டைப் பாருங்கள். எம்டி127 தெரியக் கூடாது. தெரிந்தால் எதையும் மவுண்ட் செய்யாமல் எம்டிஏடிஎம் ஸ்டாப் கொடுத்து நிறுத்திவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் படியை மீண்டும் செய்யுங்கள்.

இனி எம்டிஏடிஎம்-மின் எக்ஸாமின் ஆப்ஷனால் ஒவ்வொரு டிஸ்க்கையும் பார்க்கலாம். அது படிக்க மட்டுமே செய்யும். ஈவென்ட்ஸ் என்ற எண்ணை (ரெய்டின் நிலை மாறும்போது ஏறும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எண் மிகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அந்த டிஸ்க் முன்பே ரெய்டிலிருந்து விலகிவிட்டது, அதில் இருப்பது பழைய தரவு. டிஸ்க் நகலெடுக்கும் கருவியான டிடிரெஸ்க்யூவால் எல்லா டிஸ்க்கையும் நகலெடுத்து, அசலைக் கழற்றி வைத்துவிட்டு, நகல்களை மட்டும் ரீட்ஒன்லி ஆப்ஷனோடு கையால் சேருங்கள்.