சுவரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்க்காதீர்கள்: பேங்க்ஸி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 டிசம்பரில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு சிறுவன், பக்கத்தில் ஒரு பனிச்சறுக்கு வண்டி. கைகளை அகல விரித்து, முகத்தை மேலே தூக்கி, நாக்கை நீட்டி விழுகிற பனியைப் பிடிக்கிறான். யாரென்று காட்டிக்கொள்ளாமல் தெருச் சுவர்களில் வரைகிற பிரிட்டிஷ் ஓவியர் பேங்க்ஸியுடையது. கறுப்பு வெள்ளை ஸ்டென்சில் ஓவியம், அதாவது வெட்டிய தகட்டை வைத்துப் பெயின்ட் அடித்தது, பார்க்கவே மனசு லேசாகிற மாதிரி இருந்தது. நானும் பண்டிகை வாழ்த்தாக நாலு பேருக்கு அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஓவியத்தின் மறுபாதியைப் பார்த்தேன். அது வரையப்பட்டிருந்தது வேல்ஸ் நாட்டில் போர்ட் டால்பட் என்ற ஊரில், எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவரின் கார் கொட்டகையில். சிறுவன் ஒரு சுவரில் இருக்கிறான். மூலை திரும்பினால் அடுத்த சுவரில் ஒரு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி தீப்பிடித்து எரிகிறது. அதிலிருந்து கிளம்பும் சாம்பல்தான் மூலையைத் தாண்டிப் பறந்து வந்து அந்தப் பிள்ளையின் நாக்கில் விழுகிறது. எஃகு ஆலைத் தூசி வீட்டு ஜன்னலிலும் காயப்போட்ட துணியிலும் படிகிறது என்று வருஷக்கணக்காகப் புலம்பிய ஊர் அது. நான் வாழ்த்து என்று நினைத்து அனுப்பியது ஓர் ஊரின் முறையீட்டை.

பேங்க்ஸி விஷயத்தில் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. சுவரிலிருந்து படத்தைப் பிரித்துவிடுகிறோம். கேமராவால் பிரிக்கிறோம், சிலர் கடப்பாரையாலேயே பிரிக்கிறார்கள்.

எங்கே இருக்கிறது என்று கேட்காமல் பார்ப்பது

ஒரு பேங்க்ஸி படம் கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது "எந்தச் சுவர்?" என்றுதான். பிரிஸ்டல் நகரில், பார்க் ஸ்ட்ரீட் மேம்பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் 2006-இல் அவர் வரைந்தது ஒன்று இருக்கிறது. ஜன்னல் விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருக்கும் ஆடையில்லாத ஆண், ஜன்னலில் கோட்டு சூட்டோடு எட்டிப் பார்க்கும் கணவன், அவன் பின்னால் மனைவி. தனியாகப் பார்த்தால் பழைய காலத்துக் கள்ளக்காதல் நகைச்சுவை. ஆனால் அப்போது அந்தக் கட்டடத்தில் இயங்கியது பாலியல் சுகாதார மருத்துவமனை. இது தெரிந்ததும் அதே படம் வேறு மாதிரிப் பேசத் தொடங்குகிறது.

2015-இல் பிரான்ஸில் கலே துறைமுகத்தருகே ஸ்டீவ் ஜாப்ஸை வரைந்தார். தோளில் ஒரு மூட்டை, கையில் பழைய கம்ப்யூட்டர். வரைந்த இடம் ஆயிரக்கணக்கான அகதிகள் கூடாரம் போட்டிருந்த முகாம். ஜாப்ஸைப் பெற்ற தகப்பன் சிரியாவிலிருந்து அமெரிக்கா போனவர். முகாமைச் சொல்லாமல் இந்தப் படத்தை "ஆப்பிள் நிறுவனருக்கு மரியாதை" என்று பகிர்ந்தால், படத்தின் உயிரையே எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொன்று, சுற்றியிருக்கும் பொருள்களும் ஓவியத்தின் பகுதியாக இருக்கலாம். 2023 காதலர் தினத்தன்று இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரை ஊரில் ஒரு பெண்ணை வரைந்தார். 1950-களின் குடும்பத்தலைவி கோலம், ஏப்ரன், மஞ்சள் கையுறை, சிரித்த முகம். கிட்டே போனால்தான் ஒரு கண் வீங்கியிருப்பதும் ஒரு பல் இல்லாததும் தெரியும். அவள் முன்னால் நிஜமான, பழைய ஃப்ரீசர் பெட்டி ஒன்று தெருவில் கிடந்தது. அதற்குள் அவள் ஓர் ஆணைத் தள்ளிவிட்டிருக்கிறாள். சுவரில் அவனுடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சில மணி நேரத்துக்குள் நகராட்சி ஆட்கள் வந்து, பாதுகாப்புக் காரணம் சொல்லி ஃப்ரீசரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நின்றது அந்தரத்தில் இரண்டு கால்களும், எதற்கென்றே தெரியாமல் சிரிக்கும் ஒரு பெண்ணும். ஃப்ரீசர் பிறகு திரும்பி வந்தது. ஆனால் அன்று எடுத்த பாதிப் படங்கள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பாத்திரம் பேசுவதை ஓவியர் பேசுவதாக எடுத்துக்கொள்வது

இது அடிக்கடி நடப்பது; வருத்தமானதும்கூட. 2014 அக்டோபரில் கிளாக்டன் என்ற கடலோர ஊரில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. குடியேறிகளை எதிர்க்கும் பேச்சு ஓங்கியிருந்த நேரம். அங்கே ஒரு சுவரில் கம்பியின் மேல் ஐந்து சாம்பல் நிறப் புறாக்கள் அமர்ந்திருந்தன. அவற்றின் கையில் பதாகைகள்: குடியேறிகளுக்கு இங்கே வரவேற்பு இல்லை, ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போ, எங்கள் புழுக்களைத் தொடாதே. கம்பியின் மறுகோடியில் தன்னந்தனியாக, வண்ணமயமான ஒரு தகைவிலான் குருவி.

தகைவிலான் வருஷா வருஷம் கண்டம் விட்டுக் கண்டம் பறந்துபோய்த் திரும்புகிற பறவை. அது யாருடைய புழுவையும் திருட வரவில்லை. ஓவியர் யார் பக்கம் நிற்கிறார் என்பது அந்த ஒற்றைக் குருவியின் நிறத்திலேயே தெரிகிறது. ஆனால் வாசகம் இனவெறியைத் தூண்டுகிறது என்று ஒரு புகார் போனது, நகராட்சியும் ஓவியத்தைத் துடைத்துவிட்டது. வரைந்தது யார் என்பது அதற்கப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

நகராட்சி ஊழியரை நான் குற்றம் சொல்லமாட்டேன். எழுத்து இருந்தால் முதலில் எழுத்தைத்தான் படிப்போம், அது பழக்கம். ஆனால் ஸ்டென்சில் ஓவியத்தில் எழுத்தைக் கடைசியாகப் படியுங்கள். யார் பேசுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கு எந்த நிறம் என்று பார்த்துவிட்டு அப்புறம் வாசகத்துக்கு வாருங்கள்.

"தகடு வைத்து அடித்ததுதானே!"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. ஸ்டென்சில் என்பது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. சாக்கு மூட்டையில் முத்திரை குத்துவதும், மின் கம்பத்தில் எண் போடுவதும் வெட்டிய தகட்டை வைத்துத்தான். அதனாலேயே இதை ஓவியமாக மதிக்கத் தயங்குகிறோம்.

ஒருமுறை நீங்களே வெட்டிப் பாருங்கள். வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்ரே ஷீட்டில் 'மழை' என்று எழுதி, பிளேடால் வெட்டிப் பார்த்தேன். 'ம'வை வெட்டி முடித்ததும் அதன் சுழிக்குள்ளிருந்த துண்டு பொத்தென்று கீழே விழுந்தது. 'ழை'யின் சுழிகளும் அப்படியே. உள்ளே வெளுப்பாக நிற்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டையாகிவிட்டது. அந்தத் துண்டைப் பிடித்து நிறுத்த ஒரு மெல்லிய இணைப்பை விட்டு வெட்ட வேண்டும். அந்த இணைப்பு எங்கே வந்தால் கண்ணுக்கு உறுத்தாது என்பதை வெட்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கே இவ்வளவு பாடு. ஒரு முகத்தில் கண்ணின் வெளிச்சம், மூக்கின் நிழல், சட்டையின் மடிப்பு எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க வேண்டும். சாம்பலுக்கு ஒரு தகடு, கறுப்புக்கு ஒரு தகடு என்று பல அடுக்கு போனால், ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் பிசகாமல் உட்கார வேண்டும்.

நீங்கள் செய்வதானால் மூன்று விஷயம். தகட்டைச் சுவரோடு ஒட்ட அழுத்திப் பிடியுங்கள். இடைவெளி இருந்தால் பெயின்ட் அடியில் புகுந்து விளிம்பு மங்கிவிடும். ஸ்ப்ரே டப்பாவை ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் வைத்து, லேசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். கிட்டே வைத்து ஒரேயடியாக அடித்தால் வழியும். சுவர்க்காரரிடம் அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

பேங்க்ஸி ஸ்டென்சிலுக்கு வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயதில், ராத்திரி ரயில் பெட்டியில் வரைந்துகொண்டிருந்தபோது போலீஸ் வந்துவிட, ஒரு லாரிக்கு அடியில் போய் ஒளிந்திருக்கிறார். மல்லாந்து கிடந்தபடி மேலே பார்த்தால், எரிபொருள் டேங்கில் தகடு வைத்து அடித்த எழுத்துகள். கையால் வரைந்து முடிக்கிற நேரத்தைக் குறைக்க வழி அங்கே கிடைத்தது. வேலை முழுவதும் முன்கூட்டியே, வீட்டில் நடக்கிறது; தெருவில் சில நிமிடம்தான்.

இதோடு இன்னொரு தப்பெண்ணமும் சேர்ந்து வரும்: இந்த முறையைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று. பாரிஸில் பிளெக் லெ ரா என்ற ஓவியர் 1981-லிருந்தே சுவர்களில் ஸ்டென்சில் எலிகளை ஓடவிட்டவர். பேங்க்ஸியின் எல்லாமே ஸ்டென்சிலும் இல்லை. பிரிஸ்டலின் ஸ்டோக்ஸ் கிராஃப்டில், கலவரத் தடுப்புப் போலீசாரை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசும் கரடிப் பொம்மை 1999-இல் கையால் வரைந்தது.

பெயரைத் தேடி அலைவது

"யார் இவர்?" என்ற கேள்வியிலேயே பாதிக் கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. ஊகப் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. முகம் காட்டாததற்கு முதல் காரணம் எளிமையானது: அனுமதியில்லாமல் அடுத்தவர் சுவரில் வரைவது பிரிட்டனில் குற்றம்.

ஒளிந்திருப்பதற்கு அவர் விலையும் கொடுத்திருக்கிறார். பூங்கொத்தை எறியும் முகமூடி இளைஞன் ஓவியத்தை (2003-இல் பாலஸ்தீனத்தின் பெய்த் சாஹூரில் வரைந்தது) ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம் பயன்படுத்தியது. அவர் தரப்பில் அந்தப் படத்துக்கு வணிகச் சின்னப் பதிவு வாங்கியிருந்தார்கள். 2020 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகம் அந்தப் பதிவை ரத்து செய்தது. ஓவியத்தின் உரிமையாளர் நான்தான் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க, யார் என்று தெரிய வேண்டுமே என்பதும் அந்த முடிவில் சொல்லப்பட்டது.

கண்டதையெல்லாம் அவருடையது என்று நம்புவது

எலி, பலூன், கறுப்பு வெள்ளை, கூடவே ஒரு சுருக்கென்ற வாசகம். இவ்வளவு இருந்தால் போதும், பேங்க்ஸி என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். அவருடைய வெப்சைட்டிலோ இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ வந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை. விலைக்கு வாங்கும் அச்சுப்படம், கேன்வாஸ் என்றால் 2008-இல் தொடங்கிய 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்ற அமைப்பு மட்டுமே சான்றிதழ் தரும். தெருச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த எதற்கும் அது சான்று தருவதில்லை. அப்படி ஒரு 'சான்றிதழோடு' யாராவது சுவர்த் துண்டை விற்க வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பெயர்த்து எடுப்பது

2012 மே மாதம், அரசி எலிசபெத்தின் வைர விழாவுக்கு லண்டன் தயாராகிக்கொண்டிருந்தபோது, உட் கிரீன் பகுதியில் ஒரு மலிவு விலைக் கடையின் பக்கச் சுவரில் ஓர் ஓவியம் வந்தது. தரையில் மண்டியிட்ட ஓர் ஏழைச் சிறுவன், தையல் மெஷினில் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைக்கிறான். மெஷினிலிருந்து நீளும் தோரணம் மட்டும் நிஜத் துணி. அக்கம்பக்கத்தார் அதை 'எங்கள் ஓவியம்' என்று கொண்டாடினார்கள். 2013 பிப்ரவரியில் ஒருநாள் பார்த்தால் சுவரில் செவ்வகமாக ஒரு புண், புதுச் சிமென்ட். ஓவியம் அமெரிக்காவில் மயாமி நகர ஏலப் பட்டியலில் போய் நின்றது. ஊர் போராடியதில் அந்த ஏலம் நின்றது. ஆனால் அதே ஜூனில் லண்டனிலேயே ஏழரை லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றார்கள். பணக்காரர் வீட்டுக் கூடத்தில் அந்தப் பையன் யாருக்குத் தோரணம் தைப்பான்?

எல்லா விற்பனையும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2014-இல் பிரிஸ்டலில் ஒரு கதவில், கட்டிப்பிடித்தபடியே அவரவர் போனைப் பார்க்கும் காதலர்களை வரைந்தார். பக்கத்திலிருந்த இளைஞர் மன்றம் பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. உரிமை யாருக்கு என்று தகராறு வந்தபோது, மன்றமே வைத்துக்கொள்ளட்டும் என்று பேங்க்ஸி கடிதம் எழுதினார். 4,03,000 பவுண்டு கிடைத்தது, மன்றம் பிழைத்தது. 2022-இல் உக்ரைனின் ஹோஸ்டோமெல் ஊரில், போரில் கருகிய சுவரிலிருந்து முகமூடி அணிந்த பெண்ணின் ஓவியத்தை வெட்டி எடுத்தவர்களுக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை.

விலையை வைத்து மதிப்புப் போடுவது

2018 அக்டோபர் 5 அன்று லண்டன் ஏலத்தில் அவருடைய 'பலூன் சிறுமி' படம் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனதும், படச் சட்டகத்துக்குள் மறைத்துவைத்த எந்திரம் படத்தைப் பாதிவரை கீற்றுக் கீற்றாகக் கிழித்தது எல்லோருக்கும் தெரியும். கிழிந்த அதே படம் 2021-இல் ஒரு கோடியே 85 லட்சம் பவுண்டுக்குப் போனது. பகிரப்படுவது இந்தக் கதைதான்.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் அருகே ஒரு முதியவர் நடைபாதைக் கடை போட்டார். கையெழுத்திட்ட அசல் பேங்க்ஸி கேன்வாஸ்கள், ஒன்று 60 டாலர். கடையில் பேங்க்ஸி என்று சொல்ல யாருமில்லை. பல மணி நேரம் ஈ ஆடவில்லை. முதலில் வந்த பெண்மணி தன் பிள்ளைகளுக்காக இரண்டு சின்னப் படங்களைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினார். இன்னொருவர் புது வீட்டுச் சுவர் காலியாக இருக்கிறது என்று நாலு வாங்கிப் போனார். சாயங்காலம் கடையைக் கட்டும்போது மொத்த வசூல் 420 டாலர். அந்தப் பெண்மணி அந்தப் படங்களைப் பிள்ளைகளின் அறையில் மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.