பினாங்கு போகும் கொங்குக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் போடுகிற மலேசியா சுற்றுலாத் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். கோலாலம்பூர், பத்துமலை, கெந்திங், லங்காவி எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் ஒரு பகல்தான் பினாங்குக்கு. காலையில் வேனில் ஏறி ஒரு புத்தர் கோயில், ஒரு மலை ரயில், சுவரோவியத்துக்கு முன்னால் ஒரு படம், சாக்லேட் கடை. சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு வந்ததும், “பெருசா ஒண்ணுமில்லீங்க, எல்லாம் பழைய கட்டடமுங்க” என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர், சுமத்ராவின் அச்சேக்காரர், சயாமியர் என்கிற தாய்லாந்துக்காரர், பர்மியர் என்று இத்தனை பேர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் சாமி கும்பிட்டுக் கடை நடத்தி வாழும் தீவு அது. 2008இல் யுனெஸ்கோ அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்த்தது.

ஆக, முதல் தவறு நேரம். ஜார்ஜ் டவுன் பழைய நகரத்துக்கு மட்டும் முழுசாக இரண்டு நாள் வையுங்கள். மலையும் ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கோயில்களும் மூன்றாவது நாள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று கடிகாரம். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே காலை எட்டு மணி என்றால் நம் உடம்புக்கு ஐந்தரைதான். அதனால் நம்மவர்கள் சாவகாசமாக எழுந்து, குளித்து, சாப்பிட்டு, உச்சி வெயிலில் தெருவில் இறங்குகிறார்கள். கோவைக் காற்றுக்குப் பழகிய உடம்புக்கு அந்தக் கடலோரப் புழுக்கம் ஒத்துவராது. ஒரு மணி நேரத்தில் சோர்ந்து ஏசி வேனைத் தேடுவார்கள். கொஞ்சம் சிரமப்பட்டு எழுந்து எட்டு மணிக்கே நடக்க ஆரம்பியுங்கள். நடுப்பகலில் அருங்காட்சியகங்களையும் மாளிகைகளையும் பார்க்கலாம். நாலு மணிக்கு மேல் மறுபடி தெரு. பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட நடைபாதை இருக்கும், வெயிலுக்கும் மழைக்கும் அதில் நடந்துகொள்ளலாம். அந்தச் சந்துகளை வேனில் உட்கார்ந்துகொண்டு பார்க்கவே முடியாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவைச் சொல்வேன். பழைய பெயர் பிட் தெரு. 1801இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் தலைமையில் எழுந்த பள்ளிவாசல், பக்கத்துக் குயீன் தெருவில் 1833இல் உருவான மாரியம்மன் கோயில், ஊதுபத்திப் புகை ஓயாத கருணை அம்மன் சீனக் கோயில், 1818இல் கட்டிய ஜார்ஜ் தேவாலயம் என்று எல்லாமே நடக்கும் தூரம்தான். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரத்தில், அதிலும் வெள்ளிக்கிழமை மதியத்தில், சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டையோடு போனால் மேலங்கி வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஒழுங்காக உடுத்திக்கொண்டே கிளம்பிவிட்டால் அன்றைக்கு முழுக்க எங்கேயும் தடையில்லை.

சரி, நம்மவர்கள் அதிகம் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். அது கூ கொங்சி என்ற குலமனை. கூரை மேலிருக்கும் பறவைகளையும் டிராகன்களையும் படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். கொங்கு நாட்டுக்காரருக்கு அந்த இடத்தை யாரும் விளக்கவே வேண்டியதில்லை என்பேன். நமக்குக் கூட்டமும் குலதெய்வமும் காணியாச்சி கோயிலும் எப்படியோ, சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து கப்பலேறி வந்த கூ குலத்தாருக்கு அந்த மனை அப்படி. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை என்பது நம் வழக்கம். ஒரே குலப்பெயர்க்காரர்கள் கட்டிக்கொள்வதில்லை என்பது அவர்களுடைய பழைய வழக்கம்.

உள்ளே போனால் நடுக்கூடத்தில் குலத்தைக் காக்கும் தெய்வங்கள். பக்கத்துக் கூடத்தில் முன்னோர்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். குலத்தில் பிறந்து பட்டம் வாங்கியவர்கள், பெரிய பதவிக்குப் போனவர்களின் பெயரையும் பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். கோயில் திருப்பணிக் கல்வெட்டில் தாத்தா பெயரைத் தேடும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் கட்டாயம் நின்றுவிடுவார்கள். முன்பிருந்த கட்டடம் 1901இல் எரிந்துபோனது. அரசர் மாளிகைக்கு ஈடாகக் கட்டியதால் தெய்வத்துக்கு ஆகவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். அளவைக் குறைத்து மறுபடி கட்டி 1906இல் முடித்தார்கள். குறைத்துக் கட்டியதே இவ்வளவா என்று தோன்றும். மனையைச் சுற்றிக் குலத்தாரின் வீடுகள், உள்ளே வரக் குறுகலான வழிகள். அந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. 1867இல் சீன ரகசியச் சங்கங்களும் வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற மலாய், இந்திய முஸ்லிம் குழுக்களும் இரண்டு அணியாகச் சேர்ந்து இந்தத் தெருக்களில் மோதிக்கொண்டன. எல்லா இனமும் எப்போதும் ஒற்றுமையாகவே இருந்தது என்று வழிகாட்டி யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். சண்டையும் போட்டு, சமாதானமும் ஆகி வளர்ந்த ஊர் அது.

குலமனையில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். இது யாருடையது, யார் பராமரிக்கிறார்கள், எப்போது விசேஷம் என்று கேளுங்கள். நம் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கேட்கிற கேள்விகள்தானே?

கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய குலத்துறை வீடுகளில் இதே தவறு வேறு விதமாக நடக்கிறது. சியூ குலத்தாரின் துறையில் பலகை நடைபாதையின் இரண்டு பக்கமும் இருப்பவை குடும்பங்கள் வாழும் வீடுகள். வாசல் வழியாக எட்டிப் பார்ப்பது, சாமி மாடத்தைப் படம் எடுப்பது, வயசானவர் சாப்பிடும்போது கேமராவை நீட்டுவது எல்லாம் வேண்டாம். நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து யாராவது இப்படிச் செய்தால் பொறுத்துக்கொள்வோமா?

சுவரோவியங்களுக்கு அதிக நேரம் தர வேண்டாம். சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் ஓவியம் 2012இல் வரைந்தது, பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அதற்கு வரிசையில் நின்றுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் குலமனைக்கு நேரமில்லை என்பது வீண். சியோங் ஃபாட் ட்ஸீ என்ற சீன வணிகரின் நீல மாளிகைக்கு மட்டும் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அது விடுதியாகவும் நடப்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. சாயத்தொழில் தெரிந்த திருப்பூர்க்காரர்கள் அந்தச் சுவரைக் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள்.

“கோயில்தானுங்களே, நம்மூர்லயே இருக்குதே” என்று தமிழர் இடங்களை விட்டுவிடுவதும் நடக்கிறது. மருதமலையும் சென்னிமலையும் ஏறியவர்கள் தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறிப் பாருங்கள். 1923 முதல் ரயில் ஓடும் பினாங்கு மலை உச்சியிலும் முருகன் இருக்கிறார், பக்கத்திலேயே பள்ளிவாசல். தைப்பூசத்துக்கு நாம் பழனிக்கு நடக்கும் நாட்களில், அங்கே வெள்ளித் தேருக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். அந்த ஊர்த் தமிழரிடம் “ஊருக்கு எப்ப வருவீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். பல தலைமுறையாக அவர்களுக்கு ஊர் பினாங்குதான்.

புத்தர் கோயில்களில் ஒரு விஷயம். சயாமியக் கோயிலில் படுத்திருக்கும் 33 மீட்டர் புத்தருக்குப் பின்னால் இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள் இருக்கின்றன. சத்தம் போட்டுப் படம் எடுக்கும் இடமல்ல அது. அங்கேயும் எதிரே உள்ள பர்மியக் கோயிலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். சீனக் கோயில்களில் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். கெக் லோக் சி கோயிலில் பெரிய அம்மன் சிலையோடு நிறுத்திக்கொள்ளாமல் 1930இல் முடித்த கோபுரத்தையும் பாருங்கள். அடிப்பகுதி சீனம், நடுப்பகுதி சயாம், உச்சி பர்மா.

சாப்பாடு. சைவக்காரர்கள் “கறி இல்லை” என்று சொன்னதும் தட்டை வாங்கிவிடுவார்கள். பினாங்கு லக்சா என்ற நூடுல்ஸின் குழம்பே மீன். சம்பல் என்ற மிளகாய்த் துவையல் வகைகளில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். தால்ச்சாவைப் பருப்புக் குழம்பு என்று நம்பி ஊற்றிக்கொண்டால் உள்ளே ஆட்டெலும்பு கிடக்கும். மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். லிட்டில் இந்தியாவில் சைவ உணவகங்கள் உண்டு. சீன பௌத்த சைவக் கடைகளில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. கறி போலவே தட்டில் இருப்பது பெரும்பாலும் கோதுமைப் புரதமோ சோயாவோதான், பயப்பட வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய் அதையே தின்று திரும்பாதீர்கள். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்று வளர்த்த நாசி கண்டாரை ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும்.

கடைசியாகத் தேதி. சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் பல கடைகள் அடைத்திருக்கும், அன்றைக்குப் போய் இறங்காதீர்கள். ஆனால் அந்தப் பருவத்தில் கெக் லோக் சி முழுக்க இரவில் விளக்கேற்றியிருப்பார்கள். ஒன்பதாம் நாளுக்கு முந்தின இரவு சியூ துறையில் கரும்பு கட்டி விண்ணரசருக்குப் பெரிய பூசை நடக்கும். தைப்பூசமும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். பொங்கல் முடிந்து கிளம்புகிறவர்கள் அந்த வருட நாட்காட்டியை வைத்துத் தேதியைக் குறித்து, ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே அறை பிடியுங்கள். மலேசியாவின் இணைய வருகைப் படிவத்தையும் போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்பிவிட வேண்டும்.